தொலைவிலிருந்து கும்பிடும் இடம்

ஜப்பானின் கியூஷுவிலிருந்து ஓஷிமா தீவுக்குப் படகில் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மீனவர்கள் வாழும் ஊர். வடகரையில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறு ஷிந்தோ தலம். அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் இருக்கும் ஓகினோஷிமா தீவைத் தொழுதுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஓகினோஷிமா முழுவதுமே புனிதம். பெண்கள் கால்வைக்கக் கூடாது. ஆனால் அங்கே குடிகொண்டிருப்பவள் தகோரிஹிமே என்ற பெண் தெய்வம். முனகாதாவின் மூன்று தலங்களும் மூன்று சகோதரிகளுடையவை. 4ஆம் நூற்றாண்டு முதல் அவளுக்குப் படைத்தவற்றில் சுமார் 80,000 பொருட்கள் கிடைத்திருக்கின்றன. தங்க மோதிரமும் உண்டு, பாரசீகக் கண்ணாடிக் கிண்ணத்தின் சில்லும் உண்டு.

தடைக்குக் காரணம் கேட்டால், கடல் ஆபத்தானது, தாயாகப்போகிறவளைக் காக்க வேண்டும் என்கிறார்கள். மாதவிடாய்த் தீட்டு என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப்படுகிறது.

2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதுவரை ஆண்டுக்கொருமுறை, மே 27 அன்று, சுமார் 200 ஆண்கள் கடலில் நிர்வாணமாக நீராடிவிட்டுத் தீவில் ஏறுவார்கள். 2018முதல் அதுவும் நின்றுவிட்டது. "சமத்துவம் வந்துடுச்சே" என்று சிரித்தாள் உடன்வந்த தோழி. ஆணைத் தடுப்பது தீவைப் பாதுகாப்பதற்காக. பெண்ணைத் தடுப்பது அவள் பெண் என்பதற்காக. ஜப்பானில் பெண் பூசாரிகள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தீவில் முறைவைத்துத் தங்குபவர் ஆண் பூசாரிதான்.

சபரிமலைத் தீர்ப்பு வந்ததும் அதே 2018இல். அதை ஆதரித்து மேடைகளில் பேசினேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தபோது, கோயில் வாசலில் ஒருத்தி என் காதருகே வந்து விஷயத்தைச் சொன்னாள். நான் சாத்திரம் எதுவும் பேசவில்லை. "வெயிலா இருக்கு, நீ பஸ்லயே இரும்மா" என்றேன். பரிவோடுதான் சொன்னேன். இரண்டு மணி நேரம், அந்தக் கொதிக்கும் பஸ்ஸில், தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஓஷிமாவில் எனக்கு இரண்டாம் நாள். யாரும் கேட்கவில்லை. மூடுபனியில் தீவு தெரியவில்லை. தோழி இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி குனிந்தாள். நான் கைப்பையைப் பிடித்தபடி நின்றேன். அந்த மாணவியின் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். படகுக்கு நேரமாகும்வரை வரவில்லை.