இறந்த உடலை அறுப்பது தகுமா?

ஐயத்துக்கு இடமான மரணம் நேர்ந்தால் உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப உறவினரின் சம்மதம் தேவையில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு தந்த இந்த அதிகாரத்தை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு தருகிறது. ஆரணியை அடுத்த சேவூரில் பட்டு நெய்பவர் சாலையில் அடிபட்டு இறந்தாலும் இதுவே நடைமுறை. வீட்டாரோ, அறுக்காமல் கொடுத்துவிடும்படி கெஞ்சுகிறார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி இட்டு அனுப்ப வேண்டிய உடல் தையலோடு வருவதை அவர்களால் தாங்க முடிவதில்லை.

இந்த வேதனைக்குச் சமயக் கொள்கையில் எவ்வளவு ஆதாரம் உண்டு? சைவ சித்தாந்தத்தின்படி உயிர் நுண்ணுடலோடு நீங்கிவிடுகிறது. கிடப்பது பருவுடல் மட்டுமே. ஆரணிப் பக்கத்து ஊர்களில் வாழும் தமிழ்ச் சமணரின் கொள்கையில், உயிர் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடுத்த பிறவிக்குச் சென்றுவிடும். இஸ்லாம் இறந்தவர் உடலைச் சிதைப்பதைக் கண்டிக்கிறது. ஆனாலும் நீதிக்குத் தவிர்க்க முடியாதபோது அனுமதிக்கலாம் என்பது மார்க்க அறிஞர் பலரின் முடிவு. ஆக, கத்தி உயிரைத் தொடுவதாக முதல் இரண்டும் சொல்லவில்லை; மூன்றாவதும் தேவைக்கு இடம் தருகிறது. தடுப்பது பாசம். நேற்றுவரை அப்பா என்று அழைத்த உடல் அது. எந்தத் தத்துவமும் இந்தப் பாசத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கடன்களில், அவருக்கு நேர்ந்தது என்ன என்று அறிவதும் ஒன்று. தூக்கில் தொங்கியவரின் கழுத்தில் கயிற்றுத் தடம் பெரும்பாலும் சாய்வாக மேலேறி முடிச்சருகே விடுபடும். நெரிக்கப்பட்டவர் கழுத்தில் பெரும்பாலும் கிடையாகச் சுற்றியிருக்கும். உயிரோடு இருந்தபோது பட்ட காயத்தில் இரத்தம் திசுக்களுக்குள் ஊறியிருக்கும். மண்டைக்குள் கசிந்த இரத்தம் வெளியே தெரியாது, திறந்தால்தான் தெரியும். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. கொன்றுவிட்டுத் தூக்கில் தொங்கவிட்டிருந்தால், அவளுக்காகப் பேச அவள் உடலைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம். அறுக்காமல் எரித்தால் அந்தச் சாட்சியும் சேர்ந்து எரியும்.

இந்த அறிவின் பயன் ஒரு வழக்கோடு முடிவதில்லை. இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. பின்னர் வேறு சிலவற்றையும் விலக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. எந்த நஞ்சு கொல்கிறது என்பது மரணந்தோறும் சரியாகப் பதிவாகாவிட்டால், எதைத் தடைசெய்வது என்று எந்த அரசுக்கும் தெரியாது. முகம் தெரியாத பலரின் உயிர் இப்படிக் காக்கப்படுகிறது. தானத்தை அறமாகக் கொண்ட சமயங்கள் இதை ஏற்பதில் முரண் இல்லை.

ஆனால் உடலை அறுக்கும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. கண்ணியம் இறந்த உடலுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் ஏற்றது. தேவைக்கு மேல் அறுக்காமல், ஒழுங்காகத் தைத்து, கழுவி, தாமதமின்றி ஒப்படைப்பது இதன்படி மருத்துவரின் கடமையாகிறது. போதிய வசதியுள்ள மருத்துவமனைகள் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்ததால், பிணவறை வாசலில் உறவினர் இரவு முழுவதும் காத்திருக்கும் கொடுமை குறைய வழி பிறந்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை போன்ற ஐயங்கள் உள்ள உடல்களுக்குச் சட்டம் ஒழுங்கு நெருக்கடி இல்லாதவரை இச்சலுகை கிடையாது. அவற்றில் ஒரு தடம் தவறினாலும் நீதி தவறும் என்பதால் அந்த விலக்கு நியாயமானதே.