எங்கும் உள்ள கண்காணி

நம் தோட்டங்களில் ‘கங்காணி’ என்ற சொல்லை அறியாதவர் எவருமில்லை. கண்காணிப்பவர் என்பதே அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோரைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இம்மலைகளுக்கு அழைத்து வந்தவரும், பின்னே நின்று வேலை வாங்கியவரும் கங்காணியே. திருமூலர் தமது திருமந்திரத்தில் இறைவனையும் ‘கண்காணி’ என்றே குறிப்பிடுகின்றார். அவன் இல்லாத இடமில்லை என்பதை உணர்ந்தோர் கள்ளம் விட்டொழிவர் என்பது அவர் கருத்தாகும்.

அப்படியானால், நம் செயலையும் நினைவையும் ஒருவன் சதா பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்பது நமக்கு அச்சமா, ஆறுதலா?

கொழுந்து நிறுக்குமிடத்தில் தெரிவது நிறை மட்டுமே. நிறை குறைந்தால் அரைப்பேர். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மடியில் வைத்து இரவெல்லாம் விழித்திருந்த தாயின் களைப்பு எந்தத் தராசிலும் ஏறாது, எந்தச் செக்ரோலிலும் பதியப்படாது. மனிதர் வெளியே நின்று பார்ப்பவர். இறைவனோ உயிருக்கு உயிராய் உடன் நின்று அறிபவன். கண் காண்பதற்கு உயிர் துணை நிற்பது போல, உயிர் அறிவதற்கு இறைவன் துணை நிற்கின்றான் என்று மெய்கண்டாரின் சிவஞானபோதம் விளக்குகின்றது. ஆதலால் நம் குறையை அறிந்தவன் அதன் காரணத்தையும் அறிவான்.

திருவிளையாடற் புராணத்தில் வரும் வந்தியின் வரலாறு நாம் அறிந்ததே. வைகை பெருகியபோது கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த அந்தக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. அரச கணக்கில் அவள் பங்கு தெரிந்தது, அவள் தனிமை தெரியவில்லை. சோமசுந்தரப் பெருமான் கூலியாளாய்க் கூடையோடு வந்தார். உதிர்ந்த பிட்டே அவருக்குக் கூலி. பாண்டியனின் பிரம்படியையும் முதுகில் ஏற்றார். அந்த அடி எல்லா உயிர்கள் மேலும் பட்டது. நம்மைக் கண்காணிப்பவன் மண் சுமந்து அடிபட்டவன் என்றால் அவன் பார்வைக்கு நாம் ஏன் அஞ்சவேண்டும்?

எல்லாம் அறிந்தவன் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கும் உள்ளங்களும் நம்மிடையே உண்டு. நமக்கு அண்மையிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிவர வீடுமில்லை, பெற்றோருமில்லை. புதைந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கே முதல் நாட்களில் மாறி மாறி வந்தது. பலரின் உடல் கிடைக்கவேயில்லை. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மனிதர் அறிந்தும் செய்யாததை இறைவன் தலையில் போடுவது முறையன்று. ஆயினும் பறிகொடுத்தவரின் கேள்விக்கு இலகுவாக விடை கூறிவிடவும் முடியாது. ஒன்றை மட்டும் நம்பிக்கையோடு கூறலாம். மனிதரின் கணக்கில் தவறியவர் எவரும் இறைவனின் நினைவில் தவறவில்லை. மண்ணுக்குள் மறைந்த ஒவ்வொருவரையும் அவன் அறிவான்.

ஆலயத்தில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்கின்றோம். அறியாத அம்பாளுக்கு அறிவிப்பதற்காக அல்ல, நம்மை அறிந்தவள் முன் நிற்கின்றோம் என்பதை நாமே உணர்வதற்காகத்தான். அவ்வுணர்வு வந்தவருக்கு ஒரு கடமையும் உண்டு. அடுத்த காம்பராவில் தனித்திருக்கும் முதியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். வீடு திரும்பும்போது பிரசாதத்தோடு அவர் வாசலில் நின்று சுகம் விசாரிப்போம். தம்மை அறிந்தவர் ஒருவர் இருக்கின்றார் என்ற ஆறுதல் அவருக்கும் கிட்டட்டும்.

எல்லோரையும் அறிந்து காக்கும் அன்னை மாரியம்மனின் திருவருள் நம் மலைகள் எங்கும் நிறைந்திருக்கப் பிரார்த்திப்போமாக.