போதகர் எங்கே?

தெஹிவளையில் ஒரு ஞாயிறு காலை. ஆங்கில ஆராதனை முடிந்து, தமிழ் ஆராதனைக்குச் சனம் வந்து அமர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை அங்கி அணிந்த ஒரு பெண் பக்கவாசலால் உள்ளே வந்தார். "போதகரம்மா வந்திட்டா" என்று யாரோ மெல்லச் சொன்னார். கடைசி வாங்கிலிருந்த முதியவர் எட்டிப் பார்த்து, "அப்ப போதகர் எங்க?" என்று கேட்டார்.

அவர் கேலி செய்யவில்லை. பிறந்ததிலிருந்து அவர் அறிந்த தமிழில் போதகரம்மா என்றால் போதகரின் மனைவி. ஓய்வுநாள் பாடசாலை நடத்துபவர், வீட்டுக்கு வருபவர்களுக்குத் தேநீர் கொடுப்பவர், சுகமில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பவர். திருவிருந்துப் பீடத்தின் முன் அப்பத்தை எடுத்து ஆசீர்வதிப்பவரை அந்தச் சொல்லால் அவர் அழைத்ததேயில்லை.

அதே வாங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரும் இருந்தார். எல்லாருக்கும் அவர் 'ரீச்சர்'. கொட்டாஞ்சேனையில் பிறந்து, வெள்ளவத்தையில் படிப்பித்து, இப்போது தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள சின்ன வீடொன்றில் இருக்கிறார். முதியவரின் கேள்வி அவர் மனதைக் குடைந்தது. இலக்கணம் படிப்பித்தவருக்கு முதலில் வந்தது இலக்கணந்தான். போதகர் என்ற சொல்லின் ஈற்றிலுள்ள 'அர்' பலர்பால் விகுதி. இங்கே மரியாதைக்காக ஒருவருக்கு வருகிறது. அந்த விகுதிக்கு ஆண் பெண் தெரியாது. ஆசிரியர், மருத்துவர், தலைவர் எல்லாம் அப்படித்தான். சொல்லில் பெண்ணுக்கு இடம் இருந்தது; புழக்கத்தில்தான் இல்லாமற் போயிருக்கிறது.

அப்படியென்றால் இத்தனை காலமும் பெண்கள் செய்த ஊழியத்துக்கு என்ன பெயர் வைத்தோம்?

யாழ்ப்பாணத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். 1840இல் அங்கே வந்த எலிசா அக்னியூ ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தப் பாடசாலையை நடத்தினார். ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லை. 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கும் மேல். 'ஆயிரம் மகள்மாரின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் அவரை அனுப்பிய சபையின் அந்தக்கால ஏடுகளில் இத்தகைய பெண்களுக்கு இருந்த பதவி 'உதவி மிஷனரி'. அவர்களுக்குப் பின்னால் வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பெண்களுக்கோ அந்தப் பதவிகூட இல்லை.

கடல் கடந்து தமிழ்நாட்டின் பாளையங்கோட்டைக்குப் போனால் கதை இன்னும் கூர்மையானது. 1778இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தாள் ஒரு பிராமண விதவை. 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டிலுள்ள நாற்பது பெயர்களில் முதற்பெயர் அவருடையது. 1785இல் அங்கே எழுந்த கோவில் அவர் கட்டியது. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் அழைத்தது. ஞானஸ்நானம் கொடுத்த பெயரைவிடச் சாதி கொடுத்த பெயர் ஊர் வாயில் நிலைத்துவிட்டது. மறுபக்கம், தலித் குடும்பத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீயாகி, மடத்துக்குள்ளும் சாதியைக் கண்டு வெளியேறிய பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். இரண்டு நூற்றாண்டு கழித்தும் சாதிப்பெயர் கோவில் வாசலில் கழன்று விழவில்லை என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி.

போதகர் என்ற பதவி பெண்ணுக்குக் கிடைக்க வெகுகாலம் எடுத்தது. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் தன் முதல் பெண் போதகரை அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயரானார். அங்கிலிக்கன் இலங்கைத் திருச்சபையில் பெண்கள் குருக்களானது 2006இல். கொழும்பு மறைமாவட்டம் உருவான 1845இலிருந்து எண்ணினால் 161 ஆண்டுகள்.

ரீச்சருக்கு இன்னொரு சொல்லும் உறுத்தியது: 'அரசியல்'.

1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொறளையில் தொடங்கிய, தமிழருக்கு எதிரான வன்முறை மறுநாள் வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் வந்தது. காலி வீதியில் வாகனங்களை மறித்தார்கள். யார் தமிழர் என்று அறிய, வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலெழுத்தைத் தமிழ் நாக்கு கொஞ்சம் மாற்றி ஒலிக்கும். ஓய்வுநாள் பாடசாலையில் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை ரீச்சர் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். யோர்தான் துறையில் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்லி, 'சிபோலேத்' என்றவர்களை வெட்டிய கதை அது. அந்த ஜூலைக்குப் பிறகு பல வருடம் அந்த அதிகாரத்தை அவர் பிள்ளைகளுக்கு வாசிக்கவில்லை.

அவர் உயிர் தப்பியது ஒரு சிங்கள அயல்வீட்டம்மாவால். பிறகு இரத்மலானை விமான நிலைய முகாம். அங்கே சோற்றுப் பொதி கட்டியவர்கள், காய்ச்சல் பிள்ளைகளை மடியில் கிடத்தியவர்கள், காணாமற்போனவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். சில மாதங்கள் கழித்து, காணாமற்போனவர்களைப் பெயர் சொல்லி ஜெபிக்கலாமா என்று தன் சபைக் கமிட்டியில் கேட்டார். "கோவிலுக்குள்ள அரசியல் வேண்டாம் ரீச்சர்" என்று பதில் வந்தது. முகாமில் செய்ததற்கு மட்டும் நன்றி தெரிவித்தார்கள். அறிக்கையில் அதற்கு எழுதிய சொல் 'ஒத்தாசை'.

பெண் செய்தால் ஒத்தாசை, தமிழருக்கு நீதி கேட்டால் அரசியல். இரண்டுமே விசுவாசத்துக்கு வெளியே வைக்கப்பட்ட காரியங்கள். வெளியே வைத்தது ஒரே கை என்பது அன்று அவருக்குப் பிடிபடவில்லை. போதகரைத் தேடிய முதியவரின் கேள்விக்குப் பிறகுதான் பிடிபட்டது.

எல்லாரும் அப்படி இருந்துவிடவில்லை. குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1983இல் வெளிநாட்டிலிருந்து திரும்பி, அடிபட்டவர்களைத் தேடிப் போனார். சிங்களவர் இதற்கு தார்மீகப் பொறுப்பேற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தன் மக்களிடமே சொன்னார். அதே வருடம் ஒக்டோபரில் காலமானார். மருதானையில் 1971இல் சமூக சமய மையத்தைத் தொடங்கிய கத்தோலிக்கக் குரு திஸ்ஸ பாலசூரிய, இனநீதி பற்றியும் எழுதினார், மரியாளைப் பற்றிய நூலில் பெண்களின் இடம் பற்றியும் எழுதினார். 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைச் சபைவிலக்குச் செய்தது. ஓராண்டில் அந்தத் தடை நீங்கியது. பெண்ணுக்கான நீதியையும் இனத்துக்கான நீதியையும் அவர் தனித்தனி அலுமாரிகளில் வைக்கவில்லை.

அமெரிக்காவில் பவுலி மரே என்ற கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கையில் இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. காந்தியின் சத்தியாக்கிரகத்தைப் படித்திருந்த அவர், 1940இல் வர்ஜீனியாவில் பஸ்ஸில் பின் ஆசனத்துக்குப் போக மறுத்துக் கைதானார். சட்டம் படித்தார், இனப்பாகுபாட்டுச் சட்டங்களைத் தொகுத்தார், அறுபது வயதுக்குப் பின் இறையியல் படித்தார். 1977 ஜனவரியில் எப்பிஸ்கோப்பல் சபையின் முதல் கறுப்பினப் பெண் குருவானார். அடுத்த மாதம் வட கரோலைனாவின் சப்பல் ஹில்லில் தன் முதல் திருவிருந்தை நடத்தினார். அடிமையாகப் பிறந்த அவருடைய பாட்டி கொர்னீலியா 1854இல் ஞானஸ்நானம் பெற்ற கோவில் அது. பதிவேட்டில் அந்தச் சிறுமி எசமானிக்குச் சொந்தமான 'வேலைக்காரப் பிள்ளைகள்' ஐவரில் ஒருத்தி. அந்த எசமானியின் நினைவாக வைத்த வாசகபீடத்தில், பாட்டியின் வேதாகமத்தைத் திறந்து பேத்தி சுவிசேஷம் வாசித்தார்.

கொழும்புத் தமிழருக்கும் பதிவேடு சின்ன விஷயமல்ல. 1996 ஜூலை 24ஆம் திகதி தெஹிவளை நிலையத்தில் ரயிலில் குண்டு வெடித்து 64 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய சாதாரணச் சனம். அன்று ரீச்சர் அழுதது தமிழ்ப் பெயர்களுக்காக மட்டுமல்ல. இப்படிக் குண்டுகள் வெடித்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் பொலிஸில் பெயர் பதியாமல் தமிழருக்கு நித்திரை இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பெயர் எழுதப்படுவது ஒரு கொப்பியில் பயம், இன்னொன்றில் பாதுகாப்பு.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது ரீச்சர் நேரடியாகவே கேட்டார்: "பிள்ளை, உங்களை நாங்கள் எப்பிடிக் கூப்பிடுறது?"

"போதகர் எண்டே கூப்பிடுங்கோ ரீச்சர். அது போதும்."

பின்னால் நின்ற முதியவருக்கும் அது கேட்டது. ஒரு கணம் தயங்கி, "போய்ட்டு வாறன் போதகர்" என்று சொல்லிப் பார்த்தார். சொல் வாயில் தடக்கவில்லை.

ரீச்சர் இன்னொன்றும் கேட்டார். நாற்பது வருடத்துக்கு முன் கமிட்டியில் கேட்ட அதே கேள்வி. போதகர் யோசிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு பெயர்களைக் கொண்டு வாங்கோ. நான் வாசிக்கிறன்."

அன்று மாலை ரீச்சர் புதுக் கொப்பி ஒன்றை எடுத்து ஜன்னலோரம் இருந்தார். முகாமில் எழுதிய பெயர்கள், பின்னால் வன்னியிலிருந்து வந்தவர்கள் சொன்ன பெயர்கள், குண்டில் இறந்த சிங்களப் பெயர் ஒன்று. முதற்பெயரை எழுதியதும் பேனை நின்றது. போதகர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர், இந்தப் பக்கத்துப் பெயர்கள் அவருக்குப் பழக்கமில்லை. உச்சரிப்புப் பிசகக்கூடாது என்று அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, பக்கத்திலேயே இன்னொருமுறை எழுதினார்.