படைக்கலத் தொழிலும் இல்லறத்தார் விரதமும்

காரைக்காலைச் சார்ந்த திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்கி வருகிறது. அங்கும் பிற கல்லூரிகளிலும் பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வினா எழுவது இயல்பு: படைக்கலம் செய்யும் பெரிய நிறுவனத்தில் பணி கிடைத்தால் ஏற்கலாமா? 1966இல் நிறுவப்பெற்ற துப்பாக்கித் தொழிற்சாலை, தஞ்சை வழியே இரயிலில் சென்றடையும் திருச்சியில்தான் உள்ளது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள்ளும் திருச்சி ஒன்று. ஆகவே இவ்வினா நமக்குத் தொலைவில் இல்லை.

நம் அறநூல்கள் இதற்கு ஒரே சொல்லில் விடை கூறவில்லை. பகவான் ஆதிநாதர் வகுத்தருளிய ஆறு தொழில்களுள் அசி எனும் வாள்தொழிலே முதலாவது. சிரவணபெளகொளாவில் கோம்மடேசுவரரை நிறுவிய சாமுண்டராயர் கங்கர்களின் படைத்தலைவர். தாக்க வருவோரைத் தடுக்கையில் நேரும் விரோதி ஹிம்சை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்படவில்லை. ஆனால் அதே சிராவக ஒழுக்கம், கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்கும் ஹிம்சாதானத்தை அனர்த்த தண்டமென விலக்குகிறது.

இவை முரண்பட்டன அல்ல. வாளேந்தி ஊர்காப்பவன், தான் யாரை, எதன்பொருட்டுத் தடுக்கிறான் என்பதை அறிவான். கருவியை வழங்குபவனோ அது எவர் கையில், எந்நோக்கில் ஓங்கப்படும் என்பதை அறியான். அவ்வறியாமையே குற்றத்தின் வேர்.

பெரிய தொழிற்சாலையில் இவ்வறியாமை பெருகுகிறது. ஒருவர் வரைபடம் வரைகிறார். ஒருவர் உலோகம் கடைகிறார். ஒருவர் கணக்கு எழுதுகிறார். 'நான் செய்வது ஒரு திருகாணி மட்டுமே' என ஒவ்வொருவரும் அமைதி கொள்ளலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையைக் கொணரும் என்னும் நம் கொள்கை அந்த ஆறுதலை அளிப்பதில்லை. வேலையைப் பங்கிடலாம், வினையைப் பங்கிட்டுக் குறைத்துக்கொள்ள இயலாது.

நெடுங்காலம் படைக்கலங்களை வாங்கிவந்த நம் நாடு இப்போது விற்கவும் முனைந்துள்ளது. பிரமோஸ் ஏவுகணைகளுக்குப் பிலிப்பைன்ஸ் 2022 சனவரியில் ஒப்பந்தம் செய்தது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி அனுப்பப்பட்டது. வாங்குவோரும் தம் கரையையே காக்கின்றனர் எனலாம். ஆயினும் நம் எல்லையைக் காக்கும் கருவிக்கும், வருவாய்க்கென விற்கும் கருவிக்கும் வேறுபாடு உண்டு. பின்னது ஹிம்சாதானத்தை நெருங்குகிறது. ஒரே மேசையில் அதே வேலையைச் செய்யும் ஊழியரின் அறநிலை, கொள்வோர் மாறியதும் மாறிவிடுகிறது. அவரைக் கேட்டு எவரும் மாற்றுவதில்லை.

படைக்கலமின்றி எதுவும் நிலைக்காது என்பார் காரைக்காலின் வரலாற்றை நோக்குக. 1739இல் பிரெஞ்சுக்காரர் பெற்ற இவ்வூரை 1760இல் ஆங்கிலேயர் படைகொண்டு கைப்பற்றினர். ஆனால் இந்தியாவோடு இணையும் முடிவை, 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளின் வாக்கே உறுதிசெய்தது. 170 பேர் இணைப்பை விரும்பினர்.

குடும்பப் பொறுப்பை முன்னிட்டு இத்துறையில் பணிபுரிவோரைப் பழிப்பது அறமன்று. அதே நிறுவனத்துள்ளும் தேர்வுக்கு இடமுண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் படைகளுக்கு ரேடார் செய்கிறது; வாக்குப்பதிவு இயந்திரமும் அதன் தயாரிப்பே. பணியேற்கு முன் நம் பிள்ளைகள் மூன்றினை வினவட்டும்: நான் செய்யப்போவது யாது? அது எவரிடம் செல்லும்? மறுக்க வேண்டிய நாளில் வேறு பிரிவுக்கு மாற வழியுண்டா? ஊதியத்தை விசாரிக்கும் பெற்றோரும் இம்மூன்றினையும் உடன் விசாரிப்பாராக. விடை அறியாது ஏற்கும் பணி, எத்துணைப் பெருமையுடையதாயினும், விரதம் பூண்டோர்க்குப் பொருந்தாது.