மன்னிப்பு வேறு, ரீசெட் வேறு

அண்டர்டேல் என்ற வீடியோ கேமில் டோரியல் என்று ஆட்டுமுகத் தாய் ஒருத்தி வருகிறாள். பாதாளத்தில் விழுந்த குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்ப்பவள். வெளியே போகாதே என்று வழி மறிக்கிறாள். அடிக்காமல் 'விட்டுவிடு' என்பதையே திரும்பத் திரும்ப அழுத்தினால் அவளே ஒதுங்குவாள். என் பேத்திக்கு அந்தப் பொறுமை இல்லை, கொன்றுவிட்டாள். மனசு கேட்காமல் பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஆடிக் காப்பாற்றினாள். உடனே ஃப்ளவி என்ற பூ முளைத்து, 'முதலில் கொன்றாய், உறுத்தியதால் திரும்பி வந்தாய்' என்கிற மாதிரி சொல்லிக்காட்டியது.

பேத்திக்குக் கோபம். "எல்லா வழியும் டோபி ஃபாக்ஸ் எழுதி வச்சதுதானே தாத்தா? கொல்ற வழியையும் அவர்தானே வச்சார்? என்னை ஏன் குத்தம் சொல்லணும்?"

டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய அந்த கேம் வந்தது 2015இல். கேள்வி பழையது. எங்கள் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்த ராமானுஜர் இதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் பதில் எழுதியிருக்கிறார். முதல் முயற்சி ஜீவனுடையது. உள்ளே இருக்கும் ஈசுவரன் அதைப் பார்த்து அனுமதி தருகிறான். அனுமதி இல்லாமல் கை அசையாதுதான். ஆனால் அசைக்க நினைத்தது யார்? வழியை டோபி ஃபாக்ஸ் போட்டிருக்கட்டும், பட்டனை அழுத்தியது பேத்தி.

"சரி, தப்புதான். திருத்திட்டேனே?" என்றாள்.

இதற்குத் திருவெஃகா யதோத்காரி கோயில் கதையைத்தான் சொன்னேன். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் பல்லவ மன்னன் சொன்னபடி செய்ய மறுக்க, மன்னன் அவரை நாடு கடத்தினான். சீடரோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதும் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். ஊர் இருண்டது. ஓரிருக்கையில் தங்கியிருந்தவர்களிடம் மன்னன் போய் மன்றாட, எல்லாரும் திரும்பினார்கள். பெருமாள் மறுபடி படுத்தார், ஆனால் வழக்கத்துக்கு எதிர்த்திசையில். இன்றும் அப்படித்தான் சயனித்திருக்கிறார். மன்னன் பிழை மன்னிக்கப்பட்டது. நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடவில்லை.

நாங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள். கோர்வையில் கரை பிசகினால் ஊடையைப் பிரித்துத் திரும்ப நெய்வோம். சேலை தேறிவிடும். பிரித்த இடத்தில் பாவு கொஞ்சம் நைந்திருப்பது நெய்தவன் விரலுக்குத் தெரியும்.

அண்டர்டேலிலும் அந்த நைவு உண்டு. எல்லாரையும் கொன்று ஒருமுறை முடித்தவர், பிறகு ஒருவரையும் தொடாமல் ஆடினாலும் நல்ல முடிவு களங்கப்பட்டே வரும். நினைவு வைத்திருக்கிறதே என்று அதை மெச்சுகிறேன். ஆனால் அதற்கு மன்னிக்கத் தெரியவில்லை. வெறும் ரீசெட்டுக்கோ நினைவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நினைவில் வைத்துக்கொண்டே மன்னிப்பதற்கு எதிரே ஒருவர் வேண்டும். சரணாகதி என்று ராமானுஜரின் வழியினர் இந்த ஊரில் இத்தனை காலம் பேசிவருவது அந்த ஒருவரை வைத்துத்தான் என்பது என் கட்சி.

ஆகவே ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பழைய இடத்துக்குத் தாராளமாகத் திரும்பிப் போங்கள், நல்ல வழியையே தேர்ந்தெடுங்கள். 'நான் அதைச் செய்யவே இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்.