பூனைக்குக் கக்கூஸ் பழக்கலாமா?

செங்கல்பட்டில் மாடியில் குடியிருக்கும் ஒரு வீட்டார், தங்கள் பூனையைக் கக்கூஸ் பீங்கானில் உட்காரப் பழக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மண்ணில்லாத வீடு, தொழுகைப் பாய் நஜீஸாகிவிடுமே என்ற கவலை. நியாயமான கவலைதான்.

பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூகத்தாதா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அது வாய் வைத்த தண்ணீரில் ஒளுச் செய்ய ஷாபிஈ மத்ஹபில் தடையில்லை. ஹனபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது மக்ரூஹ். ஆனால் அதன் மலமும் சிறுநீரும் நஜீஸே. ஆகவே அதற்கென்று ஓரிடம் வேண்டியதுதான். அது பீங்கானாக இருக்க வேண்டுமா?

தோண்டுவதும் மூடுவதும் அல்லாஹ் அதற்கு வைத்த இயல்பு. கோவளம் பக்கத்துக் கடலோர வீடுகளில், யாரும் கற்றுக்கொடுக்காமலே கொல்லை மணலில் அதைச் செய்கிறது. பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையை மாமல்லபுரத்துப் பாறையில் சிற்பி செதுக்கியிருக்கலாம். உயிருள்ள பூனையை வழுக்கும் விளிம்பில் நிறுத்துவது நம் வசதிக்காகவே. கக்கூஸ் கதவு சாத்தியிருந்தால் பாவம், அது அடக்கிக்கொண்டு நிற்கும். ஹராம் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆயினும் நாம் இதை விரும்பவில்லை.

இன்னொன்று. சில பூனைகளின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி உண்டு. சாக்கடை நீரைச் சுத்திகரித்தாலும் அது எளிதில் சாவதில்லை. கலிபோர்னியாக் கடலோரத்தில் கடல் நீர்நாய்கள் இக்கிருமியால் மாண்டிருக்கின்றன. நம் ஊர்களிலோ கிணற்றுக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க்!

ஒரு தட்டில் மணல் வையுங்கள். மலத்தில் வெளிவரும் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகுமாதலால், தினமும் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம், ஆண்கள் அள்ளட்டும். கையில் பட்டால் கழுவினால் போதும், ஒளு முறியாது.