விமானிக்கு ஒரு நடுகல்

இரண்டாம் உலகப்போரின்போது இலங்கையின் புத்தளத்தில் ஒரு விமானத்தளம் இருந்தது. பிரித்தானியக் கடற்படை அதற்கு வைத்த பெயர் 'ராஜாலியா'. கழுகைக் குறிக்கும் சிங்களச் சொல் அது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபின் இந்தத் தீவின் கரைகள் போர்முனைக்குப் பின்னணியாயின. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து விமானங்களோடு வந்த விமானிகள் புத்தளத்தில் தங்கிப் பயின்றார்கள். விமானத்தை யானை கட்டி இழுக்கும் அக்காலப் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. யானையைப் பார்த்து வியக்கிற கண் பாகனையும் தாண்டிப் போய்விடுகிறது, விமானியையும் தாண்டிப் போய்விடுகிறது. இருபது வயதை ஒட்டிய அந்த விமானிகள் பலர் வீடு திரும்பவில்லை. அப்படி மாண்ட ஒருவனை இந்தக் கரை நினைக்கக் கடமைப்பட்டதா? நினைப்பதென்றால் அவனைப் பற்றி என்ன சொல்லி நினைப்பது? முதற் கேள்விக்கு ஆம் என்று சொல்வது எளிது. இரண்டாவதில்தான் அறம் சோதனைக்கு உள்ளாகிறது.

'வீரமரணம்' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த விமானிகள் எப்படி மாண்டார்கள் என்று பார்த்தால் அந்தச் சொல் பல இடங்களில் பொருந்தாது. அவர்கள் ஓட்டிய கோர்சேர் விமானத்தின் மூக்கு மிக நீளம். தரையிறங்கும் கடைசி நொடிகளில், ஓடுதளத்தைக் கண் தேடும் அந்த நேரத்தில், மூக்கே அதை மறைத்துவிடும். கப்பலின் குறுகிய தளத்தில் அப்படி இறங்குவது எத்தகையது என்று சொல்லத் தேவையில்லை. 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கின. அதில் இழந்தவை 41 விமானங்கள். எதிரியால் வீழ்ந்தவை 16 மட்டுமே. மற்றவை கடலில் இறங்கின, அல்லது கப்பல்தளத்திலேயே நொறுங்கின. விபத்தில் மாண்டவனைச் சமரில் வீழ்ந்தவனாகக் காட்டினால் அவனுக்குப் பெருமை சேராது. அவன் உண்மையில் அடைந்த அச்சம், அவன் கையில் இருந்த பழுதுள்ள கருவி, அவனை அனுப்பியவர்களின் பொறுப்பு மூன்றும் அந்தப் பெருமைக்குள் மறைந்துபோகும். அவன் தாய்க்குக்கூட அந்தப் பொய் உதவாது. மகன் எப்படிச் செத்தான் என்பதைத்தான் அவள் கேட்டிருப்பாள்.

தமிழரின் பழைய நடுகல் மரபு இங்கே கைகொடுக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் இருப்பவை சில சொற்களே. மாண்டவன் பெயர் இருக்கிறது, கூடலூர் இருக்கிறது, அங்கே நடந்த ஆகோள் இருக்கிறது. ஆகோள் என்பது மாடு கவர்தல். ஓர் ஊரின் வீரம் இன்னோர் ஊரின் இழப்பாகும் செயல். கல் அதை அழகுபடுத்தவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. செய்ததைச் சொல்லி நிற்பதால்தான் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதை நம்ப முடிகிறது.

இவர்கள் ஏகாதிபத்தியத்தின் படைவீரர்கள், நம் மண்ணை ஆண்டவர்களின் போரை நம் மண்ணில் நின்று நடத்தியவர்கள், இவர்களை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கடற்கரை ஊர்களில் பெயர் தெரியாத உடல் கரையொதுங்கினால், இவன் எந்த நாட்டான், எதற்காகக் கடலுக்குப் போனான் என்று விசாரித்து முடித்த பிறகுதான் குழி வெட்டுவோம் என்று யாரும் நிற்பதில்லை. மரியாதை முதலில்; விசாரணை அதன்பின், ஆனால் கட்டாயம். இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து படகேறியவர்கள் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய துயரத்துக்கே உரிய இடம் கிடைக்காத மாவட்டத்தில் எங்கிருந்தோ வந்த விமானிக்கு என்ன நினைவு? இப்படிக் கேட்பவரின் வலி உண்மையானது, ஆனால் அவர் கேட்கும் முறை அவருக்கே பாதகமாக முடியும். பிறர் இறப்பு நமக்குரியதல்ல என்ற விதியை ஏற்றுக்கொண்டால், வெளியேற்றப்பட்டவர்களின் கதையைக் கேட்க மறுப்பவரிடம் நாளைக்கு எந்த முகத்தோடு வாதாடுவது? யாருடைய பெயர் கல்லில் ஏறுகிறது என்பதில் அநீதி நடந்தே இருக்கிறது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரும் தொழிலாளரும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவில்லை, ஒருவேளை நினைக்கப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்று தொடங்கிய நிறுவனம் அது. இந்த அநீதி தீர வேண்டுமானால் விடுபட்ட பெயர்களைச் சேர்க்க வேண்டும்; இருக்கிற பெயரைச் சுரண்டுவதால் அது தீராது.

விமானியை நினைப்பது குண்டுவீச்சைப் போற்றுவதாகாதா என்பதே மிகக் கடினமான மறுப்பு. தமிழ் வாசகர் யாரும் இதை எளிதில் கடந்துபோக முடியாது. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்தவர்கள்மீது இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதே படையின் தளம் இன்று புத்தளத்தை அடுத்த பாலாவியில் இருக்கிறது. அந்தப் படையிலும் இளைஞர்கள் மாண்டார்கள். அவர்களுக்கும் அழுத வீடுகள் உண்டு. லண்டனில் 2012இல் திறந்த பிரித்தானியக் குண்டுவீச்சுப் படை நினைவகம் இரண்டாம் உலகப்போரில் மாண்ட 55,573 வான்படையினருக்கானது. எழுப்பும்போதே ஜெர்மனியின் டிரெஸ்டனில் குண்டுவீச்சில் எரிந்துபோன ஏறத்தாழ 25,000 பேரின் நினைவு எதிரே வந்து நின்றது. குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வாசகம் ஒன்றும் அங்கே செதுக்கப்பட்டது. ஒரு வாசகம் போதுமா என்றால் போதாது. இருந்தும் அந்த வாசகம் இல்லாத கல்லைவிட அது உள்ள கல் நேர்மையானது. மறுபுறம், மாண்ட புலிகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தைத் தரைமட்டமாக்கி அதன்மேல் இலங்கை இராணுவம் படைத் தலைமையகம் கட்டியது என்ன சாதித்தது? மாண்டவர்களின் செயலை விசாரிக்க அது உதவவில்லை. பெற்றவர்கள் விளக்கேற்றும் இடத்தைப் பறித்ததுதான் மிச்சம். குற்றத்தைக் குற்றமென்று எழுத வேண்டுமானால் எழுதுவதற்குக் கல் இருக்க வேண்டும்.

புத்தளம் விமானிக்குக் கல் நடுவதென்றால் அதில் பெயர் வேண்டும், வயது வேண்டும், தரையிறங்கும்போது செத்தான் என்றால் அதுவும் அப்படியே வேண்டும். தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்றால், எதைத் தாக்கினான், கீழே யார் இருந்தார்கள் என்பதும் வேண்டும். உடல் கிடைக்காத கடற்படை விமானப்பிரிவினர் 1,900க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தின் லீ-ஒன்-சோலண்ட் நினைவகத்தில் இருக்கின்றன. அவன் பெயரை அங்கே தேடலாம். ஓடுபாதைக்காகக் காடு வெட்டியவர்களையும் யானையை நடத்திய பாகனையும் எந்தப் பட்டியலில் தேடுவது? அவர்களுக்கான இடத்தைக் கல்லில் வெறுமையாக விடலாம், விமானியின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அகலத்தில்.